பதினொரு விநாடி

ஓல்டன் நிலையம், விடிய நான்கு ஐம்பது.
துடைத்து முடித்த பன்னிரண்டு பெட்டிகள்
ஈரம் காயாமல் நிற்கின்றன.
கையுறையைக் கழற்றும்போது விரல் தவறி,
குழுவுக்கு நான் அனுப்பிய குரற்பதிவை
நானே அழுத்திவிட்டேன்.

“ஏழாம் பெட்டிக் கழிவறை யாருடையது?
அதற்குப் பெயர் துடைத்ததா?
நாளை எனக்குப் பதில் வேண்டும்.”

ஜெர்மனில்தான் சொல்லியிருக்கிறேன். பிழையில்லை.
வினைச்சொல் கடைசியில் வந்து
இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது,
அறைந்து சாத்திய கதவு மாதிரி.
இந்த இலக்கணத்துக்காக
இரண்டு குளிர்காலம்
பிள்ளையை மடியில் வைத்துப் படித்தேன்.

முதலில் என் குரல் என்று பிடிபடவில்லை.
எக்கர் என்றே நினைத்தேன்.

எக்கர் ஓய்வுபெற்று ஆறு வருடம்.
ஜன்னல் விளிம்பை விரலால் ஒரு இழுப்பு இழுத்து
அந்தத் தூசியை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்,
பேசமாட்டார்.
அப்போது ஒரு சபதம் செய்தேன்:
இவருடைய நாற்காலிக்கு ஒருநாள் வருவேன்,
வந்தால் இவரைப்போல் இருக்கமாட்டேன்.
பாதி நிறைவேறிவிட்டது.

பேர்னில் இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி,
மதியச் சாப்பாட்டோடு.
உங்கள் குறைகள் மூன்றை எழுதுங்கள் என்றார்கள்.
‘அளவுக்கு மீறிய நேரந்தவறாமை’ என்று எழுதினேன்.
மற்ற இரண்டு வரியும் வெறுமையாகக் கிடந்தன.
சான்றிதழ் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்,
மின்கட்டணச் சீட்டுக்கு மேல்.

மகள் ஒருமுறை சொன்னாள்:
அம்மா, வீட்டுக்குள் ரயில் குரல் வேண்டாம்.
பதினாறு வயது, எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைப்பாள் என்று
வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வறைக்குள் நுழைந்தால் சிரிப்பு நிற்கும்.
பெஸ்னிக் கோப்பியை அவசரமாக விழுங்குவான்.
செகாய் எழுந்து நிற்பாள், ஏனென்று அவளுக்கே தெரியாமல்.
மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன் அதற்கு.

ஏழாம் பெட்டி லூர்டிஸுடையது.
லூர்டிஸின் இடது கையில் நேற்றிலிருந்து கட்டு.
கண்டேன்.
கட்டுக்கு மேல் கையுறை ஏறுமா என்றுதான் யோசித்தேன்.

முகம் தெரியும்வரை துடை என்பார் எக்கர்.
பத்தொன்பது வருடக் கண்ணாடிகள்.
அதில் நான் பார்த்ததெல்லாம்
கறை போய்விட்டதா என்பதை.

அழிக்கலாம் என்றால்
‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு வரி நிற்கும்.
அதுவும் என் குரல்தான்.
மூன்று பேர் ஏற்கெனவே கேட்டாயிற்று, நீலக் குறி.

புதிதாக ஒன்று பதியத் தொடங்கினேன்.
முதல் முறை ‘ஃப்ராவ்’ என்று வாயில் வந்தது. நிறுத்தினேன்.
மேலாளரான அன்றைக்கே
எல்லோரையும் ‘ஸீ’க்கு மாற்றியவள் நான்.
நம்முடைய ‘நீங்கள்’ மாதிரித்தான்,
ஆனால் நீட்டிய கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தும்.
இரண்டாம் முறை விளக்கம் சொன்னேன்:
புகார், மேலிடம், ஆள் பற்றாக்குறை.
நாற்பது விநாடி ஓடியது. அதையும் விட்டேன்.
மூன்றாம் முறை,
“லூர்டிஸ், உன் கைக்கு என்ன?
நேற்றே நான் கேட்டிருக்க வேண்டும்.”
திட்டியது எல்லோர் முன்னாலும்.
இதையும் எல்லோர் முன்னாலும்தான் அனுப்பினேன்.
‘உன்’ என்ற சொல் நாக்கில் உப்பாக இருந்தது.

பதில் வந்தது: ஒரு கட்டைவிரல்.
கட்டைவிரலுக்கு முகம் இல்லை.
மன்னித்துவிட்டாளா, போகட்டும் என்று விட்டாளா,
ஒற்றைக் கையால் அவ்வளவுதான் முடிந்ததா.

ஆராவுக்குப் போகும் முதல் ரயில்.
நாங்கள் துடைத்த பெட்டிதான்.
என் பக்கத்துக் கண்ணாடி மூலையில்
துணி விட்டுப்போன பிறைத் தடம் ஒன்று.
சுட்டுவிரல் தானாக எழுந்தது.
கோட்டுப் பைக்குள் போட்டேன்.
வழி முழுக்க அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.
துடைக்கவில்லை.
இது யாருடைய பெட்டி என்று மட்டும்
மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது.